நாலு பெயர், ஒரு பெட்டி, ஏழு மாடி

நகரத்தில் நாற்பத்திரண்டு கட்டடங்களின் லிஃப்டுகளை ஓட வைத்துக்கொண்டிருந்த மெக்கானிக், தன் வீட்டு லிஃப்டை மட்டும் ஓட வைக்க வழியில்லாமல் ஏழு மாடியையும் காலால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். லிஃப்டில் ஒரு கோளாறும் இல்லை. கம்பிக் கயிறு புதுசு, பிரேக் புதுசு, கதவு மூடும்போது ஒரு முனகல்கூடக் கிடையாது. ஆய்வாளர் நேரில் வந்து மூன்று முறை மேலும் கீழும் போய்ப் பார்த்து, "எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு நல்ல லிஃப்டு இல்லப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். குறை ஒன்றே ஒன்றுதான். பழைய அனுமதிச் சான்று காலாவதியாகிவிட்டது, புதிய சான்று வரவில்லை. அது வரும்வரை, 'மின்தூக்கி எண் ஒன்று இயக்கத் தடை' என்ற மஞ்சள் காகிதம் ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக் கதவின் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. மெயின் சுவிட்சின் சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மேஜை டிராயரில் இருந்தது. அவர் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால்கூட எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கும் மனிதர்.

வேறு சமயமாக இருந்தால் மெக்கானிக் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். காலுக்குப் பயிற்சி என்று விட்டிருப்பார். ஆனால் ஏழாவது மாடியில் அவருடைய மனைவி ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தாள். இதற்கு முன் ஒரு குழந்தை ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார், ஒரு படிகூட ஏறக் கூடாது, ஒரு படிகூட இறங்கக் கூடாது, பிரசவத்துக்கு லிஃப்டில்தான் இறங்கி வர வேண்டும் என்று. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாமென்றால், அந்தப் படிக்கட்டின் திருப்பங்களில் நாற்காலி திரும்பாது. மெக்கானிக் டேப் வைத்து அளந்தே பார்த்துவிட்டார்.

"ஊர்ல உள்ள லிஃப்டெல்லாம் உங்க பேச்சக் கேக்குது, நம்ம வீட்டு லிஃப்டு மட்டும் ஏங்க கேக்க மாட்டேங்குது?" என்றாள் மனைவி.

"லிஃப்டு கேக்குதும்மா. காகிதம்தான் கேக்க மாட்டேங்குது."

"காகிதம் யாருகிட்ட இருக்கு?"

அதைத்தான் அவர் மூன்று மாதம் அலைந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

லிஃப்டுகளுக்குச் சான்று தரும் அந்த அலுவலகம் ஆரம்பத்தில் மின்தூக்கி ஆய்வுத் துறை என்ற பெயரில், ஒரு மாடிக் கட்டடத்தில், லிஃப்டு இல்லாமல் நடந்துவந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு தலைவருக்கும் ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை இருக்கும் அல்லவா? லிஃப்டுகளை ஒன்றும் செய்ய முடியாது, அவை மெக்கானிக்குகளின் கையில் இருக்கின்றன. ஆகவே தலைவர்கள் அலுவலகத்தின் பெயரை மாற்றினார்கள். இரண்டாமவர் காலத்தில் அது மின்தூக்கிப் பாதுகாப்பு இயக்ககம் ஆனது. மூன்றாமவர் ஏற்ற இறக்க வாரியம் என்று வைத்தார். பங்குச் சந்தை என்று நினைத்து நாலைந்து பேர் உள்ளே வந்து சத்தம் போட்டதில் அவர் மாற்றலாகிப் போனார். இப்போதைய தலைவர் வைத்த பெயர், செங்குத்து நகர்வு ஆணையம்.

பெயர் மாறும்போதெல்லாம் மின்னஞ்சல் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயரும் மாறியது. பழைய முகவரிக்கு அனுப்புகிறவர்களின் கடிதம் தொலைந்து போகக் கூடாதே என்று, கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த ஒரு நல்ல பெண்மணி, நாலு பெயர்களில் எதற்கு அனுப்பினாலும் ஒரே பெட்டியில் வந்து விழும்படி செய்து வைத்திருந்தார். ஒரு வீட்டுக்கு நாலு வாசல் வைத்த மாதிரி. எந்த வாசலில் நுழைந்தாலும் அதே கூடம்தான். மக்களுக்கு எவ்வளவு சௌகரியம்! அலுவலகத்துக்கு அது பொறுக்கவில்லை. சுற்றறிக்கை போட்டு அந்தச் சௌகரியத்தைச் சரிசெய்தார்கள். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு அலுவலகமாகக் கருதப்படும் என்றது சுற்றறிக்கை.

இந்த விவரம் எதுவும் தெரியாத மெக்கானிக், லிஃப்டுக்குள் சட்டம் போட்டு மாட்டியிருந்த பழைய சான்றில் என்ன முகவரி அச்சாகியிருந்ததோ, அதற்கே மனுவை அனுப்பினார். அது முதல் பெயர். ஒரு மாதம் பதில் இல்லை. நேரில் போனார்.

மனுப் பிரிவில் ஒரே ஒரு மேஜை, ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஓர் எழுத்தர் அம்மா. மேஜைமேல் 'செங்குத்து நகர்வு ஆணையம்' என்று ஒரு மரப் பலகை. அந்த அம்மா விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"மனு எந்தப் பேருக்கு அனுப்பினீங்க?"

"சான்றுல போட்டிருந்த பேருக்குத்தாம்மா. ஆய்வுத் துறை."

"அது இங்க இல்லையே சார்."

"எங்கம்மா இருக்கு?"

"இருங்க." அவர் டிராயரைத் திறந்து, மேஜைமேல் இருந்த பலகையை உள்ளே வைத்துவிட்டு, ஓரம் உடைந்த பழைய பலகை ஒன்றை எடுத்து வைத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நாற்காலியை விட்டு எழுந்து மறுபடி உட்கார்ந்தார். பிறகு மெக்கானிக்கை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல, கனிவான குரலில், "வாங்க சார், என்ன விஷயம்?" என்றார்.

மெக்கானிக் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"உங்க மனு வந்திருக்கு சார். அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா சான்று குடுக்கிற அதிகாரம் இப்ப எங்களுக்கு இல்ல. செங்குத்து நகர்வு ஆணையத்துக்குத்தான் இருக்கு. நானே அவங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்." அனுப்பினார். அடுத்த நொடியே அதே கம்ப்யூட்டரில் டிங் என்று மணி அடித்தது. அவர் பரபரப்பாகப் பலகையை மாற்றினார், கண்ணாடியைக் கழற்றினார், எழுந்து உட்கார்ந்தார். வந்த கடிதத்தை வரி வரியாக, விரலை வைத்துப் படித்தார். முகம் இறுகியது.

"இதை ஏத்துக்க முடியாது சார்."

"ஏம்மா? இப்பத்தானே நீங்க..."

"மனு பொதுமக்கள்கிட்டேர்ந்து வரணும். இது நம்ம ஆபீஸ் முகவரியிலேர்ந்தே வந்திருக்கு. இது உள் கடிதம். உள் கடிதத்துக்குச் சான்று குடுக்க விதி இல்ல."

அன்று சாயங்காலமே மெக்கானிக் நாலாவது பெயருக்கு நேரடியாக ஒரு மனுவை அனுப்பினார். இனி வேலை முடிந்தது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். பாவம். அந்த மனுவுக்குப் பதில் இரண்டே நாளில் வந்தது. 'இதே பொருள் குறித்து வேறொரு பெயரில் தங்கள் மனு நிலுவையில் இருப்பதாகத் தெரிகிறது. எனவே முந்தைய மூன்று பெயர்களிடமிருந்தும் ஆட்சேபணையின்மைக் கடிதம் பெற்று இணைக்கவும்.'

இப்படியாக ஏழாவது மாதம் பிறந்தது. மெக்கானிக் வாரம் இரண்டு தடவை அந்த மேஜைக்கு முன்னால் நின்றார். ஒவ்வொரு பெயரிலும் அந்த அம்மா ஒவ்வொரு மாதிரி இருந்தார். முதல் பெயரில் தாய்ப்பாசம். இரண்டாவதில் யாரையும் நம்பாத சந்தேகம். மூன்றாவதில் ஒரு சலிப்பு. நாலாவதில் ஊரையே ஆளும் மிடுக்கு. முதல் பெயர் ஆட்சேபணை இல்லை என்று ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது. மூன்றாவது பெயர் என்ன ஏதென்றே கேட்காமல் முத்திரை குத்தியது. இரண்டாவது பெயர்தான் அசையவில்லை.

"அவங்களுக்கு மூணு நினைவூட்டல் அனுப்பிட்டேன் சார். கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க" என்றார் எழுத்தர் அம்மா, நாலாவது பெயரில், உண்மையான கோபத்தோடு.

"நீங்க கொஞ்சம் நேர்ல சொல்லிப் பாக்கக் கூடாதாம்மா?"

"சொன்னா கேக்கிற ஆளா அவங்க?"

அடுத்த முறை போனபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன. மேஜைமேல் இரண்டாவது பெயரின் பலகை இருந்தது.

"மெமோ குடுத்துட்டாங்க சார்" என்றார் தழுதழுத்த குரலில். "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல எனக்கு இதுதான் முதல் மெமோ."

"யாரும்மா குடுத்தது?"

அவர் டிராயரைக் காட்டினார். உள்ளே நாலாவது பலகை மல்லாந்து கிடந்தது.

அதற்கடுத்த முறை மேஜைமேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'இரண்டாம் பெயர் இன்று அரைநாள் விடுப்பு.' அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து நாலாவது பெயரில் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார். ஆள் இல்லாததால் இரண்டாவது பெயரைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவிக்கு ஒன்பதாவது மாதம் நடந்தது. அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கீழே தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஏழு மாடி உயரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் தலையும் செருப்புமாகத்தான் தெரிவார்கள். ஒருநாள் அவள் வேடிக்கையாகப் பேசுவதையும் நிறுத்திவிட்டு, "இதுவும் போயிடுமோன்னு பயமா இருக்குங்க" என்றாள். ஸ்பேனரால் சரிசெய்ய முடிகிற எதைக் கண்டும் அவர் பயந்ததில்லை. இதைக் கண்டு பயந்தார்.

மறுநாள் ஆணையத் தலைவரின் மக்கள் சந்திப்பு. மெக்கானிக் சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மாநாட்டுக் கூடத்தில் இருபது பேர் கவலை முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. அதில் ஒரு கோடு கிடுகிடுவென்று மேலே போயிற்று. தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே! நம்மைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள், ஓர் அலுவலகத்துக்கு எதற்கு நாலு பெயர் என்று. நான் கேட்கிறேன், எதற்கு நாலோடு நிறுத்த வேண்டும்? நாம் எந்தப் பெயரையும் கைவிடுவதில்லை. கைவிடாமைதான் நம் பண்பு. சென்ற ஆண்டு நமக்கு வந்த கடிதங்கள் நாலு மடங்கு பெருகியிருக்கின்றன. ஒரே ஒரு குடிமகன்கூடக் கூடுதலாக எழுதவில்லை. கூடுதலாக ஒரு லிஃப்டுகூட ஓடவில்லை. அப்படியும் வளர்ச்சி நாலு மடங்கு! வேறெந்த அலுவலகமாவது இதைச் சாதித்திருக்கிறதா? சுற்றறிக்கையின் சாரத்தை ஒரே வரியில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வேறென்றால் கோப்பு வேறு. ஒரு பெயருக்கு இட்ட ஆணை இன்னொரு பெயரைக் கட்டுப்படுத்தாது."

பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த எழுத்தர் அம்மா குறித்துக்கொண்டார்.

மெக்கானிக்கின் முறை வந்தது. எழுந்து நின்று, மனைவி, ஏழாவது மாடி, ஒன்பதாவது மாதம் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் கண்களை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"உங்க லிஃப்டுக்கு எத்தனை பேரு?"

"எட்டுப் பேரு ஏறலாம் சார்."

"அதைக் கேக்கல. அந்த லிஃப்டுக்குப் பேரு எத்தனை?"

"பேரா? மின்தூக்கி எண் ஒண்ணுதான் சார்."

"ஒரே பேருதானா?" தலைவரின் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. "நீங்க எல்லாம் காலத்துக்கேத்த மாதிரி வளரணும்" என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

மெக்கானிக் வெளியே வந்து, எங்கே போவதென்று தெரியாமல் பழக்கதோஷத்தில் மனுப் பிரிவுக்கே போய் நின்றார். சாப்பாட்டு நேரம். அந்த அம்மாவும் கூடத்திலிருந்து வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மேஜைமேல் எந்தப் பலகையும் இல்லை. நாலும் டிராயருக்குள் இருந்தன. பலகை இல்லாத அந்த முகத்தை மெக்கானிக் அதுவரை பார்த்ததில்லை. களைத்துப்போன, சாதாரணமான முகம்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு நாள் எப்ப சார்?"

"இன்னும் மூணு வாரம்கிறாங்க. இது ரெண்டாவது. முதல்ல ஒண்ணு தங்கல."

அவர் டப்பாவை மூடினார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. பலகை இல்லாதப்ப சொல்றேன், கேட்டுக்குங்க. இங்க சான்று மனு எல்லாம் என் மேஜைக்கு வரும், அதனால நகராது. ஆனா கூடுதல் பேரு மனுன்னு ஒண்ணு இருக்கு. அது தலைவரோட செல்லத் திட்டம். எதுக்கு வேணா இன்னொரு பேரு கேக்கலாம். கம்ப்யூட்டரே அங்கீகாரம் குடுத்துடும். அஞ்சு நிமிஷம்தான். ஊர்ல ஒருத்தரும் கேட்டதில்லை. தலைவர் இன்னிக்குச் சொன்ன அந்த ஒரு வரியும் அந்த ஆணையிலேயே அச்சாகி வரும்."

"இன்னொரு பேரு வாங்கி நான் என்னம்மா பண்றது?"

"உங்க தடைக் காகிதத்துல என்ன பேரு போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் டிராயரைத் திறந்து நாலாவது பலகையை எடுத்து வைத்தார். முகம் விறைத்தது. "சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது சார். வெளியில நில்லுங்க."

மெக்கானிக் வீட்டுக்கு நடந்தார். மூன்றாவது மாடிப் படிக்கட்டில் ஏறும்போதுதான் விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதும் மீதி நாலு மாடியையும் ஓடியே ஏறினார். மூச்சிரைக்க, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து போனில் தட்டினார். பொருள், மின்தூக்கி எண் ஒன்று. கோரும் கூடுதல் பெயர், அவர் யோசித்தார்.

"மேலயும் கீழயும் போற ஒண்ணுக்கு வேற என்ன பேரு வைக்கலாம்?"

"நகர்ற ரூம்புதானே அது" என்றாள் மனைவி.

'நகரும் அறை' என்று போட்டார். எழுத்தர் அம்மா சொன்ன அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை, அங்கீகாரம் வந்துவிட்டது. நாலு பெயர்களிலிருந்தும் நாலு தடவை வந்தது.

செயலாளரிடம் நாளைக்குப் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். பிள்ளை அவ்வளவு பொறுமைசாலி இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, நாள் குறித்ததற்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு மெக்கானிக் முதல் மாடிக்குப் பறந்தார்.

"சாவி குடுங்க சார், சாவி! வலி வந்துடுச்சு!"

"காகிதம்?" என்றார் செயலாளர்.

மெக்கானிக் போனை நீட்டினார். செயலாளர் அதைத் தூரத்தில் வைத்துப் படித்தார், கிட்டத்தில் வைத்துப் படித்தார். மேலே ஏழாவது மாடியிலிருந்து ஓர் அலறல் இறங்கி வந்தது. அவர் மூன்றாவது தடவை படித்தார்.

"தடை எதுக்கு?"

"மின்தூக்கி எண் ஒண்ணுக்கு."

"நீ கேக்கிற சாவி?"

"நகரும் அறையோடது சார்."

"நகரும் அறைக்குத் தடை இருக்கா?"

"இல்ல சார். ஒரு பேருக்கு இட்ட ஆணை இன்னொரு பேரைக் கட்டுப்படுத்தாதுன்னு கீழ அச்சாகியிருக்கு பாருங்க!"

செயலாளர் டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார். கொடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். சாவியில் ஓர் அட்டை தொங்கியது. அதில் 'மின்தூக்கி' என்று எழுதியிருந்தது.

"இது வேற பேரோட சாவி ஆச்சே."

மெக்கானிக் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. அன்றைக்கு அந்தப் பெருமை போகவிருந்தது. நல்லவேளையாக, செயலாளர் கத்தரிக்கோலால் பழைய அட்டையை வெட்டி எறிந்து, புது அட்டையில் நிதானமாக 'நகரும் அறை' என்று எழுதி, ஊதிக் காயவைத்து, நூலில் கட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

லிஃப்டு மூன்று மாத உறக்கத்துக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் ஏழாவது மாடிக்கு ஏறியது. மனைவியை இரண்டு கைகளாலும் தாங்கி உள்ளே நிறுத்தி, மெக்கானிக் தரைத்தளப் பொத்தானை அமுக்கினார். அவள் அவருடைய சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "ஏங்க, குலுக்கவே இல்லையே" என்றாள். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தொழிலில் அவருக்கு யாரும் அப்படி ஒரு பாராட்டுச் சொன்னதில்லை. பதினொன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இளைத்துத்தான் இருந்தாள், ஆனால் குரல் மட்டும் கட்டடத்தையே எழுப்பியது.

இரண்டு மாதம் கழித்து ஆய்வாளர் வந்தார். தடை ஆணை ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது பெயர் இன்னும் விடுப்பிலேயே இருந்ததால் சான்று வரவில்லை. தரைத்தளத்தில் மெக்கானிக்கும், தோளில் குழந்தையோடு மனைவியும் நின்றிருந்தார்கள்.

"மின்தூக்கி ஓடுதா?" என்றார் ஆய்வாளர்.

"ஓடல சார்."

கதவு திறந்தது. உள்ளேயிருந்து நாலு பேர் இறங்கிப் போனார்கள்.

"அப்ப இது?"

"நகரும் அறை சார்." மெக்கானிக் அங்கீகாரத்தைக் காட்டினார். ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, தலைவரின் கையெழுத்தைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவருக்குத் திருப்தி. ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே, ஒவ்வொரு மாடியிலும் தடைக் காகிதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"ஏழு மாடியும் பாக்கணும். முழங்கால் வலி வேற" என்றார்.

"உள்ள வாங்க சார்" என்றாள் மனைவி, குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு.

மூவரும் ஏறினார்கள், நாலாவதாகக் குழந்தை. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. ஆய்வாளர் தலையை வெளியே நீட்டி மஞ்சள் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். அவர் நின்றபடியே எழுதிய அறிக்கையை மெக்கானிக் எட்டிப் படித்தார்.

'ஏழு தளங்களுக்கும் நேரில் சென்று பார்வையிட்டேன். மின்தூக்கி இயங்கவில்லை.'